அரிசி போட்ட பிளேன் மாமா

பிளேன் மாமா பாகிஸ்தான் மேல் குண்டு போட்டவர் என்றுதான் எங்கள் தெருவில் பேச்சு. எத்தனை குண்டு என்பதில் மட்டும் வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் அன்றைக்கு விமானத்தில் ஏறிய ஆளே கிடையாது. அதை ஓட்டுகிறவரே வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து, நாங்கள் தண்ணீர் சேந்துகிற கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றால் சும்மாவா? பீளமேட்டில் இறங்கப்போகும் பயணிகள் விமானமோ சூலூர்ப் பக்கமிருந்து வரும் படை விமானமோ தலைக்கு மேல் போனால் "மாமா போறாரு" என்று கத்துவோம். மாமா அந்நேரம் திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாலும் கத்துவோம்.

நான் நான்காவது படிக்கையில் அவரைச் சீருடையோடு பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தார்கள். எழுபதுகளின் கடைசி அது. நெஞ்சில் ரிப்பன் வரிசை. ஒரு பையன் எழுந்து, வாத்தியார் முறைப்பதைப் பொருட்படுத்தாமல், எத்தனை குண்டு போட்டீர்கள் என்று கேட்டே விட்டான்.

"குண்டெல்லாம் போடலீங்க தம்பி. நான் அரிசி போடறவன். அரிசி, பருப்பு, உப்பு."

யாரும் நம்பவில்லை. ராணுவ ரகசியம், வெளியே சொல்லக்கூடாது, அதனால் அரிசி என்கிறார் என்று மதிய உணவு நேரத்துக்குள் முடிவாகிவிட்டது. நானும் அப்படியே நம்பி வளர்ந்தேன். என் கண்ணுக்கு அவருக்கு மிஞ்சிய வீரர் இல்லை.

பிறகு படித்து, இதே சித்தூர் தாலுக்காவில் தமிழ்வழிப் பிரிவில் சமூக அறிவியல் ஆசிரியை ஆனேன். பாலக்காட்டுக் கணவாய்ப் பாடம் வரும்போதெல்லாம் மாமா ஞாபகம் வரும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத இடைவெளி. மேற்கிலிருந்து வரும் காற்று முழுக்க அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு புகுகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நிற்பதும் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டியதும் அதனால்தான். இதை எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடியில் வீட்டு ஓடு பறப்பதைப் பார்த்தவர்கள்.

மாமா விங் கமாண்டராக ஓய்வு பெற்று வடக்கே தங்கிவிட்டார். கொரோனாவுக்குப் பிறகு அத்தையின் பிடிவாதத்தால் பூர்வீக வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பேருந்தில் கொஞ்ச தூரம்தான். ஆனாலும் போகவில்லை. போய் என்ன கேட்பது?

கேள்வி 2024 அக்டோபரில் கிடைத்தது. 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லடாக்கின் லேவுக்குப் போன விமானப்படையின் ஏ.என்.-12 சரக்கு விமானம் 102 பேரோடு காணாமல் போனது. முப்பத்தைந்து வருஷம் கழித்து, 2003இல்தான் அதன் சிதைவுகள் இமாசலத்தின் பனிப்பாறையில் மலையேறிகள் கண்ணில் பட்டன. 2024இல் மேலும் நான்கு உடல்கள் கிடைத்தன. அதில் ஒருவர் பத்தனம்திட்டை மாவட்டம் எலந்தூரைச் சேர்ந்த தாமஸ் செறியான். காணாமல் போனபோது வயது 22. ஐம்பத்தாறு வருஷம் கழித்து உடல் ஊருக்கு வந்ததை மலையாளச் சேனல்கள் நாள் முழுக்கக் காட்டின. மறுநாள் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், அவ்வளவு பெரிய பிளேன் எப்படிக் காணாமப் போகும்?" இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் எங்கள் வட்டாரத்தில் ஒருவர்தான் இருந்தார்.

முதலில் அவர் மகளுக்குப் போன் செய்தேன். வயதானவர்களை நேராகக் கூப்பிட்டால் மரியாதைக்கு "வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். உடம்பு எப்படி இருக்கிறது, மருந்து எத்தனை மணிக்கு என்பதெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். எதற்கு வருகிறேன் என்பதை ஒரே வாக்கியத்தில் சொன்னேன்: அப்பா ஓட்டிய விமானங்களைப் பற்றி என் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கேட்க வேண்டும், பத்திரிகைக்கோ டிவிக்கோ இல்லை. மகள் சொன்ன விவரங்கள் எனக்கு ரொம்பவே உதவின. காலைப் பலகாரத்துக்கும் பதினொரு மணிக்கும் இடையில்தான் அப்பா தெளிவாக இருப்பார். இடது காது கேட்காது. பொன்னாடையோடு யாராவது வந்தால் எரிச்சலாகிவிடுவார்.

காது விஷயம் முக்கியம். வாழ்நாளெல்லாம் பிஸ்டன் எஞ்சின் இரைச்சலில் உட்கார்ந்தவர்களுக்கு முதலில் போவது கீச்சென்ற மேல் சத்தங்கள். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும்தான் அவர்களுக்குப் பிடிபடாது. நாம் கத்தினால் குரல் இன்னும் கீச்சிடும், இன்னும் புரியாது. குரலைத் தாழ்த்தி, நிதானமாக, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து பேச வேண்டும். மின்விசிறியை நிறுத்தச் சொல்வதற்குக் கூச்சப்படக்கூடாது. அந்தச் சத்தம் காதுக் கருவியையும் கெடுக்கும், போனில் செய்யும் ஒலிப்பதிவையும் கெடுக்கும். வலது பக்கம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பாதி வேலை அதிலேயே முடிந்தது.

கையில் நான் கொண்டுபோனது பள்ளிக்கூடத்துச் சுவர் வரைபடம், வடகிழக்கு இந்தியா, மலைகள் நிறம் பிரித்துக் காட்டியது. பழமோ இனிப்போ கொண்டுபோனால் அது நேராக உள்ளே போய்விடும். வரைபடம் மேசையில் கிடக்கும்.

"யாரு, தபால்காரர் வூட்டுக்குப் பின்னாடி இருந்தீங்களே, அந்த வூட்டு அம்மிணியா?" என்றார். அடையாளம் தெரிந்துகொண்டதில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

முதல் ஒரு மணி நேரம் அவர் கதை சொன்னார். நன்றாகச் சொன்னார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிப்பு வரும் என்பதெல்லாம் பழகிப்போன கதைகள். சமையலறை வாசலில் நின்ற மகள் கடைசி வரியை அவரோடு சேர்ந்தே உதட்டசைத்துக் காட்டினார். இந்த இடத்தில் பலர் சலித்துப்போய் எழுந்துவிடுகிறார்கள், அல்லது இதையே எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். பல தடவை சொன்ன கதைகளை ஒரு முறை முழுசாகச் சொல்லி முடித்தால்தான் மனிதர் சொல்லாத கதைக்கு வருவார். குறுக்கிடாமல் கேட்டேன். பிறகு வரைபடத்தை விரித்தேன்.

உடனே கண்ணாடியை மாற்றிக்கொண்டார். விரல் அசாமின் ஜோர்ஹாட்டில் இருந்து கிளம்பி, மோகன்பாரியைத் தொட்டு, வடக்கே அருணாசல மலைக்குள் ஏறியது. "இதுல மெச்சுகாவே இல்லையே. என்ன மேப்பு இது?" பென்சில் கேட்டு வாங்கி அவரே ஒரு புள்ளி வைத்தார். அரசாங்கச் சொத்தில் கிறுக்கலாமா என்ற யோசனை எனக்குள் எழுந்து அடங்கியது.

சாலை போகாத அந்த மலைக் கிராமங்களுக்கும் காவல் முகாம்களுக்கும் சோறு வானத்திலிருந்துதான் போயிற்று. மாமா முதலில் டக்கோட்டா என்ற பழைய சரக்கு விமானத்தில் இரண்டாவது பைலட், பின்னால் கனடா நாட்டுக் கரிபு விமானத்தில் கேப்டன். அரிசியைப் பாராசூட் இல்லாமல் அப்படியே போடுவார்கள். இரட்டைச் சாக்கு: உள்சாக்கில் தளரத் தளர அரிசி, அதைச் சுற்றிப் பெரிய வெளிச்சாக்கு. தரையில் மோதும்போது உள்ளே கிழிந்தாலும் வெளியே பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் மாதிரி உடைகிறதென்றால் பாராசூட். டக்கோட்டாவுக்கு இடது பக்கம் பின்னால் கதவு. ராணுவத்தில் சரக்கு வழங்கலைப் பார்க்கும் சர்வீஸ் கோர் ஆட்கள் மூட்டைகளைக் கதவருகே அடுக்கிக் காலை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். மணி அடித்ததும் தள்ள வேண்டும். குறி வைத்த மைதானம் சில நொடிகளில் கடந்துபோய்விடும். அதனால் ஒரு சுற்றுக்குச் சில மூட்டைதான். மறுபடி சுற்றி வந்து, மறுபடி இருநூறு முந்நூறு அடிக்கு இறங்கி, மறுபடி மணி. நாலு பக்கமும் மலை.

"குண்டு போடறவன் ஒருக்காப் போட்டுட்டு ஓடிரலாம். நாங்க அதே எடத்துக்குத் திரும்பத் திரும்ப வரோணும்."

இதைக் கேட்டதும் எனக்கு நான்காம் வகுப்பு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். தெருவில் ஓடிய வதந்தியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். 1971இல் சரக்கு விமானத்தில் குண்டு போட்டவர்களும் உண்டு என்றார். விமானப்படையின் 44ஆம் ஸ்குவாட்ரன் (பிரிவு) ஏ.என்.-12 விமானங்களில் குண்டை ஏற்றிப் பின்கதவு வழியாக உருட்டிவிட்டது. சாங்கா மாங்கா காட்டில் இருந்த வெடிமருந்துக் கிடங்கைத் தாக்கியதற்காக அதன் தலைவர் விங் கமாண்டர் வசிஷ்ட்டுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. "அது அவங்க பண்ணின வேலை. எம் பேருல சேர்க்காதீங்க." ஊர் கொடுத்த பெருமையை இத்தனை வருஷம் கழித்து அவர் கணக்குத் தீர்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

விமானம் ஓட்டியவரிடம் பேசும்போது எல்லாரும் கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது: பயமாக இருந்ததா? அதற்கு அவரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது, எல்லாரிடமும் இருக்கும். நான் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். அன்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், குளிருக்குக் கையுறை போட்டீர்களா, வானிலையை யார் வந்து சொன்னார்கள். இப்படிச் சின்னதாகக் கேட்டால் பதில் பெரிதாக வருகிறது. விடியுமுன்னே கிளம்பிவிடுவார்களாம். காலையில் பள்ளத்தாக்குகள் தெளிவாக இருக்கும், வெயில் ஏற ஏற மேகம் நிரம்பும். பதினொரு மணிக்கு மேல் உள்ளே போனவன் முட்டாள் என்றார். தன்னையும் ஒரு தடவை அதில் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது காற்றைப் பற்றி அவர் சொன்னதுதான். பள்ளத்தாக்கில் நுழைந்தால் நடுவில் பறக்கக்கூடாது. ஒரு ஓரமாக, மலையை ஒட்டிப் போக வேண்டும். அப்போதுதான் திரும்ப நேர்ந்தால் முழு அகலமும் திரும்பக் கிடைக்கும். நடுவில் போகிறவனுக்குப் பாதி அகலம்தான், அதற்குள் திரும்ப முடியாது. எந்த ஓரம்? காற்று மோதி மேலே ஏறுகிற சரிவு எதுவோ அந்த ஓரம். மறுபக்கம் காற்று கீழே அமுக்கும். இதைப் பயிற்சியில் சொல்லித்தந்தபோது தனக்கு அது புதிதாக இல்லை என்றார். சின்ன வயதில் வாளையார் மலையோரம் மாடு மேய்க்கப் போகையில், ஆடிக்காற்றில் பருந்து எந்தச் சரிவில் இறக்கை அசைக்காமல் நிற்கும், எந்தச் சரிவுக்குப் போகவே போகாது என்று பார்த்திருக்கிறாராம். நான் வருஷா வருஷம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்திய கணவாய்க் காற்றை இவர் வயிற்றுப் பிழைப்புக்குப் பயன்படுத்தியிருக்கிறார்.

சரி, அவர் எடுத்துக் காட்டிய ஒரு புத்தகத்துக்கு வருகிறேன். பைலட் யாரையாவது பார்க்கப் போனால் பறப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். லாக் புக் என்பார்கள். எந்தப் புகைப்படத்தையும் பதக்கத்தையும் விட எனக்கு அது அதிகம் சொன்னது. தேதி, விமான வகை, அதன் எண், கூடப் போனவர் பெயர், எங்கிருந்து எங்கே, எத்தனை மணி நேரம். இரவுப் பறப்பு மாமாவின் புத்தகத்தில் சிவப்பு மையில் இருக்கிறது. மாசக் கடைசியில் கூட்டல் போட்டு மேலதிகாரி கையெழுத்து. வர்ணனை ஒரு சொல்கூடக் கிடையாது. 1971 டிசம்பர் 11ஆம் தேதிக்கு எதிரே டாங்காயில் என்று மட்டும் இருந்தது. 2 பாரா பட்டாலியன் வீரர்களைக் கிழக்கு வங்காளத்தில் பாராசூட்டில் இறக்கிய நாள் அது. ஏ.என்.-12, பாக்கெட், டக்கோட்டா, கரிபு என்று கையில் இருந்த எல்லா வகையையும் அனுப்பினார்கள். நெஞ்சில் இருந்த ரிப்பன்களில் ஒன்று, பூர்வி ஸ்டார், அந்தப் போருக்குக் கிடைத்தது. புத்தகத்தில் அதற்கு அடுத்த வரியே எப்போதும் போல ஏதோ சரக்குப் பறப்பு.

பக்கம் புரட்டப் புரட்ட அங்கங்கே டி.என்.சி.ஓ. என்று எழுதியிருந்தது. ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்தேன்.

"போன வேலை முடியலீன்னு அர்த்தம். மேகம் மூடிக்கிச்சு, மூட்டையோட திரும்பி வந்துட்டோம்."

மேலே முகாமில் ஆட்கள் உப்புக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே திரும்பி இறங்கினால் மேலதிகாரி ஏன் என்பார். கூடப் பறக்கிறவன் அதே நாளில் போட்டுவிட்டு வந்திருந்தால் மெஸ்ஸில் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அப்படியிருந்தும் திரும்பிய நாள்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார். டாங்காயில் பக்கத்தை அப்படித் தொடவில்லை. என் சின்ன வயது வீரரை அந்த வரிகளில்தான் நான் பார்த்தேன் என்று சொல்வேன். நமக்குப் பிடித்தவர்களை நேரில் பார்க்காதே, ஏமாந்துபோவாய் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாகசத்தைக் கேட்டுக்கொண்டு போனால் ஏமாறலாம். அன்றாட வேலையைக் கேட்டுக்கொண்டு போனால் ஏமாற வழியே இல்லை, அங்கே அவர் யாரோ அதுவாகவே இருக்கிறார்.

1968 விமானத்தைப் பற்றிக் கேட்டேன். அந்தச் செய்தியை அவரும் வெட்டி வைத்திருந்தார். லேயில் வானிலை கெட்டதால் இறங்காமல் சண்டிகருக்குத் திரும்பும் வழியில், ரோத்தாங் கணவாய்ப் பக்கம் தொடர்பு அறுந்தது. "அவங்களும் திரும்பினவங்கதான் அம்மிணி" என்றார். அதற்கு மேல் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அவ்வளவு பெரிய விமானம் எப்படிக் காணாமல் போகும் என்ற என் மாணவியின் கேள்விக்குப் பள்ளிக்கூடப் பாடம் போலவே பதில் சொன்னார். பனிப்பாறை அசையாமல் கிடப்பதில்லை, ஊர்ந்துகொண்டே இருக்கும். மேலே விழுந்ததைப் பனி மூடும், உள்ளே இழுத்துக்கொள்ளும், பல வருஷம் கழித்துக் கீழே எங்கேயோ உருகும் இடத்தில் வெளியே தள்ளும். ஒரே இடத்தில் தேடினால் கிடைக்காது.

கூடவே வேறொரு நாளைப் பற்றியும் சொன்னார். அதற்கு முன் போனைக் காட்டி, "அதை நிறுத்திருங்க" என்றார். நிறுத்தினேன். அதனால் அது இங்கே இல்லை. ஒலிப்பதிவு செய்வதற்கு முதலிலேயே அனுமதி கேட்பதும், போனை மறைக்காமல் மேசை மேல் வைப்பதும், நிறுத்தச் சொன்னால் கேள்வி கேட்காமல் நிறுத்துவதும் வெறும் மரியாதைக்காக மட்டும் அல்ல. நிறுத்திய பிறகுதான் அவருக்கு என் மேல் நம்பிக்கை வந்தது. அதுவரை "வாங்க போங்க"வாக இருந்த பேச்சு அதற்கப்புறம் "ஏன் அம்மிணி, நீ காப்பி குடிச்சியா" என்று ஆகிவிட்டது.

நினைவும் புத்தகமும் ஒத்துப்போகாத இடங்கள் வரும். மெச்சுகாவிலிருந்து திரும்பிய ஒரு நாளை மே மாதம் என்று அடித்துச் சொன்னார், மாம்பழம் தின்றதுகூட ஞாபகம் இருக்கிறது என்றார். புத்தகத்தில் அக்டோபர். நான் வாதாடவில்லை. நோட்டில் இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டேன். மாம்பழம் வேறு ஏதோ திரும்பிய நாளுடையதாக இருக்கும். வயதானவரைத் திருத்தி ஜெயிப்பதால் நமக்கு ஒன்றும் கிடைக்காது, பேச்சு நின்றுபோவதைத் தவிர.

உங்கள் சின்ன வயதில் உங்களுக்கு யார் வீரர் என்று கேட்டேன். இந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்கச் சொல்வேன். முகம் அப்படியே மாறிவிட்டது. "பாபா மெஹர் சிங்!" 1948 மே 24 அன்று டக்கோட்டாவை ஓட்டிக்கொண்டு, அதற்கு முன் எந்த விமானமும் இறங்காத லேயில், பதினோராயிரம் அடி உயரத்தில், சோனம் நோர்பு என்ற லடாக் பொறியாளர் அவசரமாகப் போட்ட ஓடுபாதையில் இறக்கியவர். கூட இருந்தவர் தரைப்படையின் ஜெனரல் திம்மையா. பனிக்கட்டி படிந்தால் உதிர்க்கும் ஏற்பாடு விமானத்தில் கிடையாது. பழைய பைலட்டுகளிடம் கேட்ட கதைகளை மாமா சொல்லச் சொல்ல, எழுபத்தெட்டு வயதுக்காரர் "மெஹர் சிங் போறாரு" என்று கத்தாததுதான் பாக்கி.

பள்ளிக்கூடத்துக்கு மறுபடி வாருங்கள் என்று கூப்பிட்டதற்கு முதலில் மறுத்தார். மேடை, மைக், மாலை எதுவும் வேண்டாம், வகுப்பறையில் மட்டும், அதுவும் மாணவர்கள் செய்து பார்க்க ஏதாவது இருந்தால் வருகிறேன் என்றார். ஏற்பாடு அவருடையதே. கோணிச்சாக்குகளும் கொஞ்சம் குருணையும் வாங்கி வைத்தோம். மொட்டை மாடியிலிருந்து ஒற்றைச் சாக்கில் நிறைய அடைத்துத் தைத்த மூட்டை ஒன்று, இரட்டைச் சாக்கில் தளர்வாகக் கட்டியது ஒன்று. கீழே யாரும் நிற்காதபடி கயிறு கட்டச் சொன்னார், தானே போய் இரண்டு தடவை சரிபார்த்தார். ஒற்றைச் சாக்கு தையல் விட்டுச் சிதறியது, கோழிகளுக்குக் கொண்டாட்டம். இரட்டைச் சாக்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கிழிசல், வெளியே ஒரு மணி சிந்தவில்லை. உள்சாக்கில் ஏன் நிறைய அடைக்கக்கூடாது என்று பையன்கள் அவர்களே கண்டுபிடித்தார்கள்: அரிசி நகர இடமிருந்தால் அடியின் வேகத்தை அது வாங்கிக்கொள்கிறது, இறுக்கி அடைத்தால் சாக்குதான் வாங்க வேண்டும்.

கேள்விகளுக்கு நேரம் விட்டேன். இந்த முறை யாரும் குண்டைப் பற்றிக் கேட்கவில்லை. பிளேனில் கக்கூஸ் இருக்குமா என்றுதான் முதல் கேள்வி. மாமா அதற்குக் கரிபுவில் ஒன்று, டக்கோட்டாவில் வேறொன்று என்று விவரமாகப் பதில் சொல்ல, தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது லாக் புக்கைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது பயன்படும் என்பதால் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஜன்னலோர வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். போன் பக்கத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும், சாய்ந்தால் ஓரத்து எண்கள் படிக்க வராது. தட்டையாக இருக்கட்டும் என்று முதுகை அழுத்தினால் பழைய தையல் விட்டுவிடும். இரண்டு பக்கமும் மடித்த துண்டை முட்டுக் கொடுத்தால் போதும். காலிப் பக்கத்தையும் எடுங்கள், பக்க எண் விட்டுப்போகாமல் இருக்கும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகவே போகாதீர்கள். எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும், துவைத்த பருத்தித் துணியில் சுற்றி அலமாரியில் மேல் தட்டில் வையுங்கள். எடுத்த படங்களின் முதல் பிரதி வீட்டாருக்கு, பிறகுதான் நமக்கு. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அதில் கூடப் பறந்தவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. அவர்கள் வீட்டில் யாரிடமும் நான் கேட்கவில்லை.

ஒரு புத்தகம் முடிந்து கரிபு காலத்துப் புத்தகம் ஆரம்பமாகியிருக்கிறது. அதில் மை மங்கலாக இருப்பதால் ஒவ்வொரு வரியையும் அவரே படித்துச் சொல்ல, நான் எழுதிக்கொள்கிறேன். போன சனிக்கிழமை விஜயநகர் என்ற ஊர் வந்தது. மூன்று பக்கமும் மியான்மர், அருணாசலத்தின் கிழக்கு மூலை. என் வரைபடத்தில் அதுவும் இல்லை. பென்சிலால் புள்ளி வைக்க மறுத்துவிட்டார். "எத்தனைக்குத்தான் நானே புள்ளி வெச்சுட்டிருக்கறது? நல்ல மேப்பா ஒண்ணு வாங்கிட்டு வா அம்மிணி, கோயமுத்தூர்ல கிடைக்கும்" என்றிருக்கிறார். இந்த வாரம் உக்கடம் பஸ் ஏற வேண்டும்.